ஏழு வளைவு வாய்க்கால்

சனிக்கிழமை காலை பொக்லைன் வண்டி வந்து சேர்வதற்கு முன்பே நான் என் வரைபடத்தை மூன்று தடவை விரித்துப் பார்த்துவிட்டேன். வாய்க்காலை நேராக்குவதற்குப் படம் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

இதுவரை நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிணற்றடித் தொட்டியிலிருந்து கீழ்வயலுக்குப் போகும் எங்கள் வாய்க்கால் ஏழு இடங்களில் திரும்புகிறது. பெரியப்பா போரிலிருந்து திரும்பி வந்த வருடம் தனியாளாக வெட்டியது அது. ஒவ்வொரு திருப்பத்திலும் கரை அரிக்கிறது, தண்ணீர் தேங்குகிறது. கீழ்வயலில் அப்பா போட்டிருக்கும் தக்காளிச் செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

நான் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறேன். மாலையில் வரைபட வகுப்புக்குப் போகிறேன். "உன் படிப்புக்கு வீட்டுலயே ஒரு வேலை" என்றார் அப்பா. நாடா பிடித்து அளந்தேன். வளைந்த வாய்க்காலைப் பென்சிலிலும், அதன் குறுக்கே நேர்க்கோட்டைச் சிவப்பு மையிலும் போட்டேன். பெரியப்பா கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தார். "தண்ணி போகணும்ல. செய்யி" என்றார். அத்தோடு சரி.

அப்புறம் வியாழக்கிழமை ஒரு தொலைபேசி. ஏதோ ஒரு கிழட்டுக் குரல். "கலப்பை இருக்கானா?"

"கலப்பையெல்லாம் இப்போ யார் வெச்சிருக்கா? டிராக்டர்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "சனிக்கிழமை வர்றேன்னு சொல்லு." வைத்துவிட்டார். யாரிடம் சொல்வது என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை.

என்னைத் திரும்பத் திரும்பப் படத்தை விரிக்கவைத்தது அந்தக் குரல் அல்ல. என் சொந்த அளவுகள். அடியில் பாறை இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு பெரியப்பா வெட்டியிருக்கிறார் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் படத்தில் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒவ்வொரு திருப்பமும் ஒரே மாதிரி மடங்குகிறது. பாறைகள் இவ்வளவு ஒழுங்காகவா படுத்திருக்கும்?

அப்பாவிடம் கேட்டபோது சிரித்தார். "உன் பெரியப்பா பட்டாளத்துல இருந்தவர். அவர் வர்றதைப் பார்த்துப் பாறையெல்லாம் வரிசையா நின்னிருக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் சந்தேகம் போகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சமையலறை ஜன்னல் வழியே பெரியப்பாவைப் பார்த்தேன். தோளில் மண்வெட்டி. வாய்க்கால் ஓரமாகவே நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, மண்வெட்டிக் காம்பால் கரையை லேசாகத் தட்டினார். கடைசி வளைவில் மட்டும் தட்டவில்லை. சும்மா நின்றார்.

இது புதிதில்லை. நான் குழந்தையாக இருந்தபோதும் அப்படித்தான். நீர் பாய்ச்சும் நாளில் மடையைத் திறந்துவிட்டு விசில் அடிப்பார். இரண்டு சின்னது, ஒரு நீளம். கடைசி வளைவில் நாங்கள் யாராவது வெறுங்காலோடு காத்திருப்போம். வளைவுக்கு வளைவு நின்று, யோசித்து, திரும்பி வரும் தண்ணீர். அதன் முன்னால் ஓடிவரும் சருகுகள், எறும்புகள், நாங்கள் மேலே விட்டுவந்த குச்சிப் படகுகள். கால் நனைந்ததும் "வந்துடுச்சு!" என்று கத்த வேண்டும்.

ஒருமுறை நான் கத்தாமல் பதிலுக்கு விசில் அடித்துப் பார்த்தேன். பெரியப்பா என்னைக் கடிந்துகொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "விசில் வேண்டாம். வாயால சொல்லு."

அன்று காலை அவர் திரும்பி வந்து டீயை நின்றபடியே குடித்தார். மேசையில் அம்மா பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, அப்பாவின் சட்டைக்குப் பொருத்தமானதைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் பதக்கம் அந்த டப்பாவில்தான் கிடக்கும். அம்மா வழக்கம்போல அதை விரலால் ஓரம் தள்ளிவிட்டுத் தேடினாள்.

"நான் பம்ப்புக்கு வாஷர் மாத்தப் போறேன்" என்றார் பெரியப்பா.

"நேத்துதானே மாத்தினீங்க?" என்றாள் அம்மா.

"இன்னொண்ணும் மாத்தணும்."

அவர் போனதும் நான் அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அடுத்த வாரம் வெச்சுக்கலாமா? அளவுல ஒரு சந்தேகம்."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? கதவைப் பூட்டிட்டு, பூட்டினோமான்னு பாதி வழி திரும்பி வர்றவ நீ. வண்டி வந்தாச்சு, நகரு."

பொக்லைன்காரர் குண்டான, சிரித்த முகக்காரர். அப்பா என் படத்தைப் பெருமையோடு விரித்தார்.

"படமெல்லாம் வேண்டாம் சார். எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும்? அது போதும்."

அப்பாவின் முகம் சுருங்கியது. என்னுடையதும்தான்.

"பார்த்துத் தோண்டுங்க. அடியில பாறை இருக்கு" என்றார் அப்பா.

வண்டி உறுமியது. முதல் வளைவின் கரையில் வாளி இறங்கியது. பல ஆண்டுகள் மிதிபட்ட கரை பொலபொலவென்று சரிந்தது. வாளி இன்னும் ஆழமாக இறங்கி மேலே வந்தபோது அதில் கறுப்பான, ஈரமான மண். ஒரு கூழாங்கல்கூட இல்லை.

"எங்க சார் பாறை? வெண்ணெய் மாதிரி போகுது!"

அப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் படத்தைச் சுருட்டினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"நிறுத்து! ஏய், நிறுத்துடா!"

சாலைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வயலுக்குள் வந்துகொண்டிருந்தார். அக்குளில் குடை, கையில் பை. இடது காலை இழுத்து இழுத்து அவர் வந்த வேகத்துக்கு நல்ல கால்காரன் ஈடுகொடுக்க முடியாது. யாரையும் பார்க்காமல் நேராக இரண்டாவது வளைவுக்குள் இறங்கினார். கரையில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டார். குடையை மடியில் துப்பாக்கி மாதிரி குறுக்கே வைத்துக்கொண்டார்.

வாளி அவர் தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"யோவ் பெரியவரே, எந்திரிங்க! நான் புள்ளகுட்டிக்காரன்!"

"நானும்தான். வண்டியை அணை."

வண்டி அணைந்தது. வயலில் திடீரென்று பூச்சிச் சத்தமெல்லாம் கேட்டது.

"யாருங்க நீங்க?" என்றார் அப்பா. "இது எங்க நிலம்."

"நிலம் உன்னுது. இந்த இடம் என்னுது. இந்தத் தோளுக்கு நேரா டெலிபோன் பெட்டி இருக்கும். இடுப்புக்குப் பின்னாடி ஒரு வேர் குத்திக்கிட்டே இருக்கும்." கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். "வேர் மட்டும் இல்ல. மத்ததெல்லாம் அப்படியே வெச்சிருக்கான் பாவி."

குரல் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "கலப்பை..." என்றேன்.

"அவனேதான். டிராக்டர் வந்திருக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வா."

பம்ப் கொட்டகையில் பெரியப்பா நல்ல வாஷரைக் கழற்றி மறுபடியும் அதையே மாட்டிக்கொண்டிருந்தார். "கலப்பைன்னு ஒருத்தரைத் தேடி வந்திருக்காங்க" என்றேன். திருகு சாவி அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டைக்குப் போகிறவர் போலச் சத்தமில்லாமல் நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது.

வளைவுக்கு மேலே வந்து நின்று கீழே பார்த்தார்.

"என்னடா தந்தி. இன்னும் அங்கேயேவா உக்கார்ந்திருக்க?"

"காவல் மாத்த ஆள் வரலையே!"

இருவரும் சிரித்தார்கள். பெரியப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு முடிந்த பிறகும் கைகொடுத்துத் தூக்கிவிடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். தொலைபேசிக் கம்பி இழுத்தவர் 'தந்தி'. விவசாயி வீட்டிலிருந்து வந்ததால் பெரியப்பா 'கலப்பை'. அவர்கள் பதுங்குகுழி வெட்டியது யாரோ ஒரு விவசாயியின் மக்காச்சோள வயலில்.

"பதுங்குகுழியை நேரா வெட்டக் கூடாதும்மா" என்று தந்தி எனக்குச் சொன்னார். "நேரா இருந்தா குண்டு ஒரு முனையில விழுந்தாலும் இந்த முனை வரைக்கும் எல்லாரும் காலி. அதனால மடக்கி மடக்கி வெட்டணும். மடிப்புக்கு ஒரு ஆள். இருட்டுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் இதுல தவழ்ந்திருக்கேன். கண்ணைக் கட்டி விட்டாலும் எனக்குத் தெரியும். முதல் மடிப்பு ஹவில்தாரோடது." இடிந்து கிடந்த கரையைப் பார்த்தார். "அதை இடிச்சாச்சா? போச்சு. மேல இருந்து திட்டிக்கிட்டு இருப்பார்."

"மழையைச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"ஆமா, மழை! இவன் வெட்டும்போதே அடியில கொஞ்சம் கொஞ்சமாச் சரிவு விட்டுக்கிட்டே போனான். ஹவில்தார் பார்த்துட்டு, 'டேய் கலப்பை, சண்டைக்கு வந்தியா, பாத்தி கட்ட வந்தியா?'ன்னார். அன்னிக்கே பிடிச்சுது மழை. மத்தவன் குழியெல்லாம் குளம். துப்பாக்கியைத் தலைமேல வெச்சுக்கிட்டு நிக்கறானுங்க. எங்க குழியில மட்டும் தண்ணி மரியாதையா நடந்து வெளியே போச்சு. ஹவில்தார் காய்ஞ்ச இடத்துல படுத்துக்கிட்டு, 'நாளைக்குத் தக்காளி போடுடா'ன்னார்."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏழு வளைவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதில் அவர் முகம் சின்னப் பையனின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"பாறைன்னு சொன்னீங்களே அண்ணா."

"நான் சொல்லல. நம்ம அப்பா சொன்னார். நானும் மறுக்கல." பெரியப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "நேரா வெட்டத்தான் சொன்னார். கயிறு கட்டித்தான் ஆரம்பிச்சேன். கொஞ்ச தூரம் போனதும் கை தானா மடங்கிடுச்சு. வெட்டி முடிச்சு மேல ஏறிப் பார்த்தப்புறம்தான் என்ன வெட்டியிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? வாய்க்கால் வெட்டச் சொன்னா பதுங்குகுழி வெட்டிட்டேன்னா? ஊரே சிரிக்கும். மூடிட்டு வேற வெட்டலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள தண்ணி விட்டுப் பார்த்தேன். தண்ணி ஒவ்வொருத்தன் கிட்டயும் நின்னு விசாரிச்சுட்டுப் போற மாதிரி போச்சு. அப்புறம் மூட மனசு வரல."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொக்லைன்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க கிளம்புங்க. வேலை இல்ல."

எனக்கு நிம்மதி. ஆனால் பெரியப்பா அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நில்லு தம்பி. தக்காளிக்குத் தண்ணி வேணுமா வேண்டாமா?"

"தக்காளி கிடக்குது அண்ணா!"

"கிடக்காது. வாடும். உனக்கு நான் சொல்லணுமா?" கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "பட்டாளம் இடத்தைக் காலி பண்ணும்போது குழியை மூடிட்டுத்தான் போகணும். நிலத்துக்காரன் வந்து உழணும்ல. அந்த ஆள் தினமும் வேலி ஓரமா வந்து நின்னு எங்களைப் பார்ப்பார். பாஷை தெரியாது. மூடிட்டுத்தான் போவோம்னு கையால காட்டினேன். தலையாட்டினார். கடைசியில விடியறதுக்குள்ள கிளம்பச் சொல்லிட்டாங்க. மூடல." ஊன்றியிருந்த மண்வெட்டியைத் தூக்கினார். "இதையாவது மூடுவோம். ஆனா மூடறதுக்கு மிஷின் வேண்டாம். கையால வெட்டினது."

அப்படித்தான் நடந்தது. பொக்லைன் என் சிவப்புக்கோட்டின் மேல் நேராகப் புது வாய்க்காலை வெட்டிக்கொண்டே போனது. அது போட்ட மண்ணை அள்ளி இரண்டு கிழவர்களும் பழைய வளைவுகளை மூடிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா பேசாமல் இன்னொரு மண்வெட்டியோடு இறங்கினார். நான் கூடையில் அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு வளைவிலும் முதல் மண்ணைப் போடும்போது தந்தி அந்த ஆளைப் பற்றி ஏதாவது சொல்வார். இவன் தூக்கத்தில் பாட்டுப் பாடுவான். இவன் சோப்புக் கட்டியைத் திருடுவான். இவனுக்குப் பெண் பார்த்துவைத்திருந்தார்கள், பெண்ணின் படத்தை எல்லோருக்கும் காட்டினான், யாருக்கும் பிடிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

"என் இடத்தை நானே மூடறேன்" என்று தன் வளைவை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கடைசி வளைவுக்கு வந்தோம். தந்தி மண்வெட்டியை ஓங்கினார். பெரியப்பா தன் மண்வெட்டியைக் குறுக்கே வைத்துத் தடுத்தார்.

"இது இருக்கட்டும்."

தந்தி என் பக்கம் திரும்பினார். "இது குருவியோட இடம். நூல் மாதிரி இருப்பான். ராத்திரி பேசக் கூடாது இல்லையா? உன் பெரியப்பன் அந்த முனையில இருந்து விசில் கொடுப்பான். ரெண்டு சின்னது, ஒரு நீளம். இருக்கியான்னு அர்த்தம். குருவி அதையே திருப்பிப் போட்டுப் பதில் கொடுப்பான். ஒரு நீளம், ரெண்டு சின்னது. இருக்கேன். அதைக் கேட்டப்புறம்தான் நாங்க கண்ணை மூடுவோம்."

நான் குழந்தையாக நின்று கத்திய இடம் அது. விசில் வேண்டாம், வாயால் சொல்லு.

"ஒருநாள் குழிக்கு வெளியே மாட்டிக்கிட்டோம். திறந்த வெளி. இவன் போய்ப் போய் ஒவ்வொருத்தனாத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான். மூணாவது மூட்டை நான்தான்." இடது காலைத் தட்டிக் காட்டினார். "நாலாவதுக்குப் போனப்போ குருவி விழுந்த இடத்துல அவன் மண்வெட்டி மட்டும்தான் கிடந்தது. ஆளைக் காணோம். அப்புறம் பதக்கம் குத்தினாங்க. பெரிய அதிகாரி. இவன் நன்றி சொல்ல வேண்டாமா? 'நாலாவது ஆள் எங்க சார்?'னு கேக்கறான்."

பொத்தான் டப்பா என் நினைவுக்கு வந்தது. அம்மாவும் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, புது வாய்க்கால் இங்க வந்து இதுல சேரட்டும். தண்ணி இங்க மட்டும் கொஞ்சம் தேங்கும்."

"தேங்கட்டும் அண்ணா" என்றார் அப்பா. "இந்தக் கரையை நான் பார்த்துக்கறேன்."

பொக்லைன்காரர் கடைசி வாளியை இழுத்துப் புது வாய்க்காலை அந்த வளைவில் சேர்த்துவிட்டு இறங்கினார். சட்டையை உதறிக்கொண்டே, "சார், என் வாழ்க்கையில முதல் தடவையா மிஷினை நிக்க வெச்சுக்கிட்டுக் கையால மண்ணை மூடற வேலையைப் பார்த்திருக்கேன்" என்றார். அப்பா அவரை டீ குடிக்க அழைத்தார்.

தந்தி போகவில்லை. குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"டேய் கலப்பை. இத்தனை வருஷம் வராதவன் இன்னிக்கு ஏன் வந்தேன்னு நீ கேக்கவே இல்ல."

"குழியைப் பார்க்க வந்தியோன்னு நினைச்சேன்."

"இங்க குழி இருக்கறது எனக்கு எப்படிடா தெரியும்?" கிழவர் கரையில் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல பஸ் நிலையத்துல நின்னுக்கிட்டிருந்தேன். நல்ல கூட்டம். ஒரு அம்மா, என் பொண்ணு வயசுதான் இருக்கும், குழந்தையைக் காணோம்னு பதறுது. பதறிட்டு, வாயில விரலை வெச்சு விசில் அடிச்சுது. ரெண்டு சின்னது. ஒரு நீளம்."

பெரியப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏதோ தற்செயல்னு நினைச்சேன். அதுக்குள்ள கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு வாண்டு பதில் கொடுக்குது. ஒரு நீளம், ரெண்டு சின்னது. கிட்டப் போய், இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேட்டேன். எங்க அப்பான்னுது."

"உயிரோட இருக்கானா?"

"கேக்கல."

"கேக்கலையா? அவ்வளவு தூரம் போயிட்டு..."

"கேக்க முடியலடா! நீ போய்த் தூக்கினவன். நீதான் கேக்கணும். பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துல உன் நம்பரை வாங்கினேன், அந்த அம்மாகிட்ட கெஞ்சினேன். சாயங்கால பஸ்ல வரச் சொல்லியிருக்கேன். இந்நேரம் ரோட்டு முனை டீக்கடையில குழந்தையோட வந்து உக்கார்ந்திருக்கும். நீ எப்படி எடுத்துக்குவியோன்னு முதல்ல நான் மட்டும் வந்தேன். வந்தா இங்க நம்ம குழி அப்படியே இருக்கு, அது மேல வாளியும் வண்டியும்."

பெரியப்பா சாலைப் பக்கம் பார்த்தார். புளியமரங்கள் மறைத்தன. டீக்கடை தெரியவில்லை.

நேராகப் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "பாப்பா, மடையைத் திற" என்றார்.

தொட்டிக்கு ஓடினேன். திறந்தேன். என் நேர்க்கோட்டில் தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடியது. அவ்வளவு வேகமாக எங்கள் வாய்க்காலில் தண்ணீர் போய் நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க மேல்முனையில் நின்ற பெரியப்பா அன்று கடைசி வளைவுக்குள் இறங்கி நின்றார். தண்ணீர் அங்கே போய் மோதி, நின்று, சுழன்று, அவர் கணுக்காலைச் சுற்றியது.

அவர் விசில் அடித்தார். இரண்டு சின்னது. ஒரு நீளம்.

அப்பா, அம்மா, நான், யாரும் "வந்துடுச்சு" என்று கத்தவில்லை. பொக்லைன்காரர்கூட டீ டம்ளரை உதட்டுக்குக் கீழே பிடித்தபடி நின்றார்.

மரங்களுக்கு அந்தப் பக்கம், சாலையிலிருந்து, மெல்லியதாகத்தான் வந்தது. ஒரு நீளம். இரண்டு சின்னது.

பெரியப்பா சேற்றில் நின்றபடியே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு கரை ஏறினார்.